இந்தியாவிலிருந்து வந்த இந்தியருக்கு வீடு கிடைக்கும்

கோலாலம்பூரில் வாடகை வீடு தேடி, இணையத்தில் கிடைத்த ஓர் எண்ணுக்கு அழைத்தால், மறுமுனையில் இருப்பவர் வணக்கம் சொல்வதற்கு முன்பே, "ஹவ் மெனி பாக்ஸ்?" என்று கேட்பார். வந்த முதல் வாரத்தில் இந்தக் கேள்விக்கு நான் நேர்மையாகப் பதில் சொன்னேன். மூன்று. அந்தப் பெண் சற்று யோசித்துவிட்டு, மூன்று பேருக்கு அந்த அறை போதாது, ஒருவருக்குத்தான் என்றார். நான் ஒருவன்தான் என்றேன். அப்படியானால் மற்ற இரண்டு பேர் யார் என்று கேட்டார். ஒன்றில் துணிமணி, ஒன்றில் புத்தகம், இன்னொன்றில் அம்மா கொடுத்துவிட்ட பருப்புப்பொடி வகையறா என்று விளக்கினேன். அழைப்பு துண்டிக்கப்பட்டது. இந்த ஊரில் 'பாக்ஸ்' என்றால் பெட்டி அல்ல, தலை எண்ணிக்கை என்பதை இரண்டு நாள் கழித்து அலுவலகத்தில் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதற்குள் அந்த அறை போய்விட்டது.

அடுத்த கேள்வியில் குழப்பமே இல்லை. கைப்பேசிக்கு ஒரு படிவம் வரும். பெயர், வேலை, எத்தனை பேர், எப்போது குடிவருவீர்கள். இவற்றுக்கு நடுவில், கூட்டத்தில் ஒதுங்கி நிற்கிறவரைப் போல, 'ரேஸ்' என்று ஒரு வரி இருக்கும். இனம். நான் 'இந்தியன்' என்று எழுதினேன். பாஸ்போர்ட்டிலும் அப்படித்தான் இருந்தது. ஆறு ஏஜென்ட்டுகளுக்கு அனுப்பினேன். ஆறு பேரும் ஒரே நாளில் ஊமையானார்கள். பெட்டி விஷயத்தில் எனக்கு உதவிய அதே நண்பர், "இந்தியன் என்று எழுதாதே, எக்ஸ்பேட் என்று எழுது" என்றார். வெளிநாட்டிலிருந்து பெரிய வேலைக்கு வந்தவர் என்று அர்த்தமாம். எழுதினேன். அன்று மாலையே நான்கு பேர் பதில் அனுப்பினார்கள். ஆனால் எக்ஸ்பேட்டுக்கு அவர்கள் சொன்ன வாடகையை எக்ஸ்பேட்டால்தான் கொடுக்க முடியும். கடைசியில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்துத்தான் எனக்கு அறை கிடைத்தது. 'அறை வாடகைக்கு. சுத்தமாக இருப்பவர் மட்டும்' என்று தமிழில் கையால் எழுதியிருந்தது. இவ்வளவுக்கும் நான் இந்த நாட்டுக்கு வந்ததே, வீடுகளை வாடகைக்கு விட உதவும் ஓர் இணைய நிறுவனத்தில் வேலை பார்ப்பதற்காகத்தான்.

என் வேலையை ஊரில் இருப்பவர்களுக்கு விளக்குவது கடினம். அம்மா 'கம்ப்யூட்டர்' என்று சொல்லி முடித்துக்கொள்கிறாள். வீட்டுச் சொந்தக்காரர் எங்கள் ஆப்பில் தன் முகவரியைத் தட்டினால், இந்த வீட்டுக்கு மாதம் இவ்வளவு வாடகை வரலாம் என்று பச்சை நிறத்தில் ஓர் எண் தோன்றும். அந்த எண்ணைச் சொல்லும் புரோகிராமைப் பார்த்துக்கொள்ளும் ஐந்து பேரில் நானும் ஒருவன். அது அக்கம்பக்கத்து வீடுகளின் விளம்பரங்களைப் படித்துக் கற்றுக்கொள்ளும். விளம்பரத்தில் கேட்ட வாடகையைத்தான் படிக்கும். கடைசியில் பேசி முடித்த வாடகை என்ன என்பதை எங்களிடம் யாரும் வந்து சொல்வதில்லை. ஒருவர் பச்சை எண்ணைப் பார்ப்பார். பேரம் பேசுவார்களே என்று அதற்கு மேல் கொஞ்சம் வைத்து விளம்பரம் கொடுப்பார். புரோகிராம் அதைப் படித்துப் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லும். அவரும் கொஞ்சம் மேலே வைப்பார். இப்படியே போனால், ஒரு தெருவில் யாருமே வாடகையை ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்யாமல் வாடகை ஏறிவிடும். ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். மாதம் ஒருமுறை சொந்தக்காரர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போகும். 'உங்கள் வீட்டின் மதிப்பு உங்களுக்குத் தெரியுமா?' என்று தலைப்பு. அந்தத் தலைப்பை எழுதியது நானில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

எனக்கு அறை கொடுத்தவர் ஸ்டெல்லா ஆன்டி. அறுபத்தெட்டு வயது. கத்தோலிக்கர். அவருடைய அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். ஆன்டி பிறந்து வளர்ந்தது பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். அது இருந்த இடத்தில் இன்று கண்ணாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அதன் பதினெட்டாவது மாடியில்தான் எங்கள் அலுவலகம். லிஃப்ட் இல்லாத மூன்று மாடிப் பழைய கட்டடம் ஒன்றில் அவருக்கு இரண்டு வீடுகள். முதல் மாடி வீடு அப்பா வாங்கியது. அதில் ஆன்டியும், ஓர் அறையில் நானும். அதற்கு நேர் மேலே இருந்த வீடு, பள்ளி ஆசிரியையாக இருந்த ஆன்டி தன் சேமிப்பில் வாங்கியது. அதில் முனியாண்டி அண்ணன் குடும்பம் பதினாறு வருடமாகக் குடியிருந்தது. அண்ணன் கிள்ளான் துறைமுகத்திலிருந்து சரக்கு லோரி ஓட்டுகிறவர். பந்திங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். மனைவி லெட்சுமி அக்கா பிரிக்ஃபீல்ட்ஸிலேயே ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறார். ஒரே மகள் தர்ஷினி அந்த வருடம் ஐந்தாம் படிவம், அதாவது பள்ளி இறுதித் தேர்வு எழுத வேண்டியவள். பதினாறு வருடத்தில் வாடகை இரண்டு தடவைதான் ஏறியிருந்தது. இரண்டு தடவையும் முனியாண்டி அண்ணனே வந்து, "ஆன்டி, சாமானெல்லாம் வெல ஏறிப்போச்சு, கொஞ்சம் கூட்டிக்கங்க" என்று சொல்லி ஏற்றியதுதான்.

ஒரு சனிக்கிழமை காலை ஆன்டி கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு என் அறை வாசலில் நின்றார்.

"தம்பி, இது உங்க ஆபிஸ்தானே அனுப்புது?"

மின்னஞ்சலைப் பார்த்தேன். மேல் வீட்டுக்கான எண். பச்சை நிறத்தில் இருந்தது. முனியாண்டி அண்ணன் கொடுத்துக்கொண்டிருந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

"ஆமா ஆன்டி."

"இந்த நம்பர் உண்மையா?"

"மார்க்கெட் ரேட் ஆன்டி."

"மார்க்கெட்டுன்னா யாரு?"

விளக்கினேன். என் வேலையைப் பற்றி ஒருவர் அக்கறையாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதனால் சற்று உற்சாகமாகவே விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப, அக்கம்பக்கத்துல இருக்கறவங்க சொல்ற ரேட்டு."

"ஆமா."

"அவங்களுக்கு யாரு சொன்னது?"

"நாங்கதான்."

ஆன்டி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "நல்ல வேல லா தம்பி," என்றார், இந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் 'லா'வோடு. அவர் கிண்டல் செய்தாரா, பாராட்டினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இரண்டு முழங்காலுக்கும் அறுவைச் சிகிச்சை செய்தாக வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பெர்த்தில் இருக்கும் தங்கை மகள் அந்த மின்னஞ்சலைப் பார்த்துவிட்டு, ஆன்டியை எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று வீடியோவில் வந்து அழுதாள். ஆன்டி மூன்று வாரம் எதுவும் சொல்லவில்லை. நான்காவது வாரம், ரவையில் செய்கிற சூஜி கேக் செய்தார். வழக்கமாக கிறிஸ்மஸுக்குத்தான் அது அவர் வீட்டில் வேகும். அப்போது ஜூன் மாதம். கேக்கைத் தட்டில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று மேலே ஏறினார். நான் கூடப் போனேன், தட்டைப் பிடிப்பதற்காக. கொடுத்துவிட்டுத்தான், வீட்டைக் காலி செய்து தர வேண்டும் என்று சொன்னார். லெட்சுமி அக்கா கேக்கை வெட்டி எல்லோருக்கும் வைத்துவிட்டு, "எத்தன மாசம் டைம் ஆன்டி?" என்று கேட்டார். இரண்டு மாதம். முனியாண்டி அண்ணன், "ஒங்க வூடு ஆன்டி, நாங்க என்ன சொல்றது" என்றார். கேக் நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னோம்.

அடுத்த நாள் முனியாண்டி அண்ணன் கைப்பேசியுடன் என்னிடம் வந்தார். எங்கள் ஆப்பை அதில் இறக்கித் தரச் சொன்னார். எனக்கு மனம் கேட்கவில்லை.

"அண்ணே, ஆன்டிக்கு அந்த நம்பர் வந்துச்சே, அதப் போடற வேலதான் எனக்கு," என்றேன்.

"ஓ. கம்ப்யூட்டர் வேலன்னீங்களே, இதானா அது?"

"ஆமாண்ணே."

"சம்பளம் நல்லா கொடுக்கறானா?"

"பரவால்லண்ணே."

"அப்ப சரி," என்றார். "எனக்கு மூணு ரூம் வூடு ஒண்ணு தேடிக் குடுங்க. புள்ள ஸ்கூலுக்குக் கிட்டயா."

தேடினோம். ஒவ்வொரு நாள் மாலையும் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பதினேழு வீடுகளுக்கு அனுப்பினோம். எங்கள் நிறுவனம் விளம்பரங்களில் இனத்தைக் குறிப்பிடக் கூடாது என்று விதி வைத்திருந்தது. அப்படி யாராவது எழுதினால் புரோகிராம் தானாக அழித்துவிடும். ஆண்டுக் கூட்டத்தில் அதற்காகக் கைதட்டியிருக்கிறோம். எனவே எங்கள் பக்கங்களில் யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கைப்பேசிக்கு வந்த செய்திகளில்தான் சொன்னார்கள். சிலர் மரியாதையாக, 'சாரி, ஓனர் ப்ரிஃபரன்ஸ்' என்று அனுப்பினார்கள். ஒருவர் கூப்பிய கைகளின் படம் மட்டும் அனுப்பினார். ஒருவர், 'ஹெவி குக்கிங்?' என்று கேட்டார். அக்கா என்னிடம், "ஹெவி குக்கிங்னா என்ன தம்பி, அண்டா வெக்கறதா?" என்று கேட்டார். வீட்டுக்குள் தாளிக்கிற வாசனை வரக் கூடாது என்பதைத்தான் அப்படிக் கேட்கிறார்கள் என்று தர்ஷினி பாடப் புத்தகத்திலிருந்து தலை நிமிராமல் சொன்னாள். "அப்ப அவங்கெல்லாம் எதத்தான் திங்கறாங்க," என்றார் அக்கா.

இந்த இடத்தில் நான் கோபப்பட்டிருக்க வேண்டும். ஓரளவு பட்டேன். ஆனால் முழுதாகப் பட முடியாதபடி ஒரு விஷயம் குறுக்கே நின்றது. திருச்சியில் எங்கள் வீட்டுக்கு ஒரு மாடிப் போர்ஷன் உண்டு. நான் கல்லூரியில் படித்த காலத்தில் அது காலியானது. 'டு லெட்' என்று ஒரு பலகையை நான்தான் எழுதி கேட்டில் கட்டினேன். ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் மனைவியுடன் வந்தார். இங்கே கேள்வியைப் படிவத்தில் கேட்கிறார்கள். எங்கள் ஊரில் காபி கொடுத்துக் கேட்போம். அப்பா காபி கொடுத்து, சொந்த ஊர் எது என்றார். சொன்னார். ஊரில் எந்தப் பக்கம் என்றார். அதையும் அந்த ஆசிரியர், கேள்வி புரிந்தவராக, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தெளிவாகச் சொன்னார். அப்பா உடனே, என் அத்தை மகன் குடிவரப் போவது இப்போதுதான் நினைவு வருகிறது என்றார். எனக்கு அத்தையே கிடையாது.

பிரச்சினை என்னவென்றால், அந்த ஆசிரியர் பள்ளிக்குப் போகும் வழி எங்கள் தெரு. பலகை தொங்கினால் அவர் பார்ப்பார். அப்பாவுக்கு அது சங்கடமாக இருந்தது. எனவே காலை எட்டரைக்குப் பலகையை அவிழ்த்து உள்ளே வைத்து, அவர் போனதும் ஒன்பதுக்கு மறுபடி கட்டுவது என் வேலையானது. மாலையிலும் அப்படியே. ஏறக்குறைய இரண்டு மாதம் தவறாமல் செய்தேன். ஒருநாள் அரைநாள் விடுமுறை போலும். மதியமே சைக்கிளில் வந்துவிட்டார். நான் பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டில் நின்றேன். காலை ஊன்றி நின்றவர், "இன்னும் காலியாவா தம்பி இருக்கு?" என்றார். "இல்ல சார், பெயின்ட் அடிக்கறதுக்காகக் கழட்டினேன்," என்றேன். அவர் பலகையைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். "முடிச்சு சரியா இல்ல. காத்துல விழுந்துடும், நல்லா இறுக்கிக் கட்டு," என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த நாட்டு ஏஜென்ட்டுகள் மீது எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் அந்த முடிச்சு நினைவுக்கு வந்து குறுக்கே நிற்கும்.

பதினெட்டாவது வீட்டுக்கு அக்காவோ அண்ணனோ சொல்லாமலே என் பெயரைப் போட்டு அனுப்பினேன். இந்தியப் பிரஜை, ஐ.டி. வேலை, எக்ஸ்பேட். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. சனிக்கிழமை வந்து பார்க்கலாம். சாலாக் செலாத்தானில், ஏழாவது மாடி, ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரம். தர்ஷினி அதே பள்ளிக்கூடத்துக்குப் போய்வரலாம். அண்ணனிடம், உறவினர்களும் கூட வருவார்கள் என்று எழுதியிருப்பதாகச் சொல்லி மூவருமாகப் போனோம்.

ஏஜென்ட் ஒரு தமிழ்ப் பெண். கவிதா. இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். செய்திகளில் ஆங்கிலமாகவே இருந்தவர், எங்களைக் கண்டதும் தமிழுக்கு வந்துவிட்டார். விளம்பரப் படத்தில் பூப்பந்து ஆடலாம் போலிருந்த கூடத்தில், நால்வரும் நின்றதும் யாராவது ஒருவர் நகர்ந்தால்தான் கதவைச் சாத்த முடியும் என்ற நிலைமை. ஆனால் வெளிச்சமான வீடு. அக்கா நேராகச் சமையலறைக்குப் போனார். அண்ணன் குழாயைத் திறந்து பார்த்தார்.

"அண்ணே, வீடு உங்களுக்கா, இவங்களுக்கா?" என்று கவிதா என்னைக் கேட்டார்.

"இவங்களுக்குத்தான். நான் மெசேஜ் மட்டும்தான் அனுப்பினேன்."

கவிதா சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "ஃபார்ம்ல உங்க பேருல்ல இருந்துச்சு? இந்தியா, ஐ.டி.ன்னு. அதப் பாத்துத்தான் ஓனரோட மகன் ஓகே சொன்னாரு."

"இவங்களும் இந்தியன்தானே?"

"அதான் அண்ணே பிரச்சன." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "லோக்கல் இந்தியன் வேணாம்னாரு. இந்தியாலேருந்து வந்த இந்தியன்னா ஓகேயாம். கம்பெனி ஆளு, வாடகை கரெக்ட்டா வரும், சமைக்கத் தெரியாதுன்னு நெனைக்கறாங்க."

லெட்சுமி அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "நீயும் லோக்கல் இந்தியன்தானேம்மா?"

"ஆமாக்கா. இந்த வீட்ட நான் காட்டலாம். எடுக்க முடியாது."

முனியாண்டி அண்ணன் குழாயை மூடினார். சொட்டுகிறதா என்று சற்று நேரம் பார்த்தார். சொட்டவில்லை.

"எங்க தாத்தா கப்பல் ஏறாம நாகப்பட்டணத்துலயே உக்காந்திருந்தாருன்னா, எனக்கு இந்த வூடு கெடச்சிருக்கும் லா," என்றார்.

முதலில் சிரித்தது கவிதாதான். சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பி, ஜன்னல் கம்பியைச் சரிபார்ப்பதுபோல் நின்றுகொண்டார். பிறகு வழியையும் அவரே சொன்னார். ஒப்பந்தம் என் பெயரில் இருக்கட்டும். உறவினர் கூடத் தங்கலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடலாம். ஓனர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார். அன்றைக்கு மட்டும் நான் வந்து வீட்டில் இருந்தால் போதும். "நெறைய பேரு இப்படித்தாண்ணே இருக்காங்க," என்றார். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. திருடிக்கொண்டு போய் ஒளிகிற மாதிரி இருக்கிறது என்றார். "புள்ள பரீட்ச முடியட்டும். அப்புறம் பந்திங் பக்கம் போயிருவோம்," என்று அண்ணன்தான் சமாதானப்படுத்தினார்.

அடுத்த வாரம் கையெழுத்திட்டோம். வேலை அனுமதியில் இந்த நாட்டுக்கு வந்து நான்கு வருடம்கூட ஆகாத நான் குடியிருப்பவன். சாட்சி ஒருவர் வேண்டும், உள்ளூர்க்காரராக இருந்தால் நல்லது என்றார்கள். முனியாண்டி அண்ணன் தன் அடையாள அட்டையை எடுத்து வைத்து, மூன்று தலைமுறையாக இந்த மண்ணில் இருக்கிற குடும்பத்தின் சார்பில், நான் அந்த வீட்டில் குடியிருக்கப் போவதற்குச் சாட்சியாகக் கையெழுத்திட்டார். அழகான கையெழுத்து. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் கற்றது என்றார்.

மேல் வீட்டை ஸ்டெல்லா ஆன்டி அந்தப் பச்சை எண்ணுக்கே விளம்பரம் செய்தார். நான்தான் படம் எடுத்துக்கொடுத்தேன். வந்து பார்த்தவர்கள் லிஃப்ட் எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மூன்று மாதம் பூட்டிக் கிடந்தது. அந்த மூன்று மாதமும் ஆன்டியின் விளம்பரத்தைப் படித்து, எங்கள் புரோகிராம் பக்கத்துக் கட்டடத்துக்காரர்களுக்கு வாடகை சொல்லிக்கொண்டிருந்தது. கேட்ட வாடகையை வாங்கிய வாடகையாக எடுத்துக்கொள்கிறோம் என்று என் மேலாளரிடம் எழுதிக் கொடுத்தேன். நல்ல கவனிப்பு என்று பாராட்டி, சரிசெய்ய வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தார். அது இன்றும் பட்டியலில்தான் இருக்கிறது. கடைசியில் வீட்டை நாள் வாடகைக்கு விடும் ஒருவரிடம் ஆன்டி ஒப்படைத்தார். கதவில் எண் பூட்டு வந்தது. சக்கரப் பெட்டிகளை ஒவ்வொரு படியிலும் இடித்துக்கொண்டு நாளுக்கொருவர் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். சிலர் எங்கள் கதவைத் தட்டி வைஃபை கடவுச்சொல் கேட்கிறார்கள். ஆன்டியின் கைக்கு வருவது முன்பைவிடக் கொஞ்சம் அதிகம். பச்சை எண்ணுக்கு வெகு கீழே. ஒரு முழங்காலுக்கு ஆகும் என்றார். ஒருநாள் சாப்பிடும்போது தலைக்கு மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "முன்னெல்லாம் சத்தத்த வெச்சே லெட்சுமியா, பாப்பாவான்னு சொல்லிருவேன்," என்றார்.

வீட்டுச் சொந்தக்காரர் முதல் தடவை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. லியூ என்று பெயர், எழுபது வயதைத் தாண்டிய சீனர். அண்ணன் கேட் வரை வந்து என்னை அழைத்துப் போனார். நான் சோபாவின் நடுவில் உட்காரவைக்கப்பட்டேன். அண்ணனும் அக்காவும் விருந்தாளிகளைப் போல ஓரத்தில் நின்றார்கள். சாமி மாடத்தை அக்கா திரை போட்டு மறைத்திருந்தார். அன்று சமைக்கவில்லை. தர்ஷினி நூலகத்துக்குப் போயிருந்தாள், அல்லது அனுப்பப்பட்டிருந்தாள். லியூ வந்தார், குழாயைத் திறந்து பார்த்தார், விசிறியைப் போட்டுப் பார்த்தார். என்னிடம் ஆங்கிலத்தில், வீடு வசதியாக இருக்கிறதா என்றார். மிகவும் வசதி என்றேன். படுக்கையறை ஜன்னல் சரியாக மூடுகிறதா என்றார். அந்த அறையை நான் பார்த்ததே இல்லை. அண்ணன்தான் மலாயில் குறுக்கிட்டு, கீல் கொஞ்சம் இறுகியிருந்தது, எண்ணெய் விட்டாயிற்று என்றார்.

லியூ அவர் பக்கம் திரும்பினார். எந்த ஊர் என்று கேட்டார். பந்திங் என்றார் அண்ணன். கிழவரின் முகம் மாறியது. அவர் பந்திங்குக்குப் பக்கத்து ஊரான ஜெஞ்சாரோமில் பிறந்தவராம். அதற்குப் பிறகு நடந்தது எனக்குப் பாதிதான் புரிந்தது. மலாயில் தொடங்கி ஹொக்கியன் சீனத்துக்குப் போனார்கள். துறைமுகத்தில் முப்பது வருடம் சரக்கு ஏற்றிய அண்ணனுக்கு அது சரளமாக வரும் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். ஒரு பேருந்தைப் பற்றிப் பேசினார்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் லியூ உட்கார்ந்தபடியே ஸ்டியரிங் பிடித்துக் காட்டினார். செத்துப்போன யாரோ ஒரு மீ நூடுல்ஸ் கடைக்காரரைப் பற்றியும் பேசியிருக்க வேண்டும், ஏனென்றால் இருவரும் உச்சுக்கொட்டித் தலையாட்டினார்கள். அக்கா தன்னை மறந்து காபி கலக்கிக் கொண்டுவந்தார். ஒரு மணி நேரம் போனது. அந்த வீட்டின் சட்டபூர்வமான குடியிருப்பாளனாகிய நான், எந்த மொழியும் இல்லாமல், இருவருக்கும் நடுவில் காபியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

புறப்படும்போது லியூ வாசலில் நின்று ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார்: "யுவர் அங்கிள், குட் மேன். வாடகைக்கு வீடு வேண்டுமென்றால் என்னிடம் சொல்லச் சொல். செர்டாங்கில் எனக்கு இன்னொன்று காலியாக இருக்கிறது."

"சொல்றேன் பாஸ்," என்றேன்.

"வெப்சைட்டில் மகன் போட்டிருக்கிறான். அதில் பார்க்கச் சொல்," என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குப் போனார்.

கதவைச் சாத்தியதும் அக்கா திரையை விலக்கி விளக்கேற்றினார். "அவருகிட்ட உண்மையச் சொல்லியிருக்கலாமேண்ணே," என்றேன். முனியாண்டி அண்ணன் லியூ குடித்த டம்ளரைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லலாம்," என்றார். "நல்ல மனுசன். இருந்தாலும் ஃபார்ம்ல பேரப் பாத்தா மறுபடி மகன்தானே முடிவு பண்ணுவான்? பாப்பா பரீட்ச முடியட்டும்."

பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தீபாவளி வந்தது. அக்கா மதியச் சாப்பாட்டுக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார். இந்தத் தடவை சமையல் உண்டு, தாளிப்பு உண்டு, அண்டாவே வைக்கப் போவதாகச் சொன்னார். ஸ்டெல்லா ஆன்டி தன் பங்குக்கு ஒரு டின் நிறைய முறுக்கு கொடுத்தனுப்பினார். சாலாக் செலாத்தானில் இறங்கி நடந்தேன். கேட்டில் புதிய காவலர் இருந்தார். இருபது வயதுக்குச் சற்று மேல் இருக்கும் நேப்பாளி. வந்து அதிக நாள் ஆகியிருக்காது. மலாயைத் தரையில் கண்ணாடி உடைந்து கிடப்பதுபோல் பார்த்துப் பார்த்துப் பேசினார். என் மலாயும் அந்த அளவுதான். அதனால் எங்கள் இருவருக்கும் ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்தது.

வருகைப் பதிவேட்டைத் திறந்து, என் வேலை அனுமதி அட்டையைப் பார்த்து, பெயரை ஓர் எழுத்தும் விடாமல் எழுதினார். "ஜும்ப்பா சியாப்பா?" என்றார். யாரைப் பார்க்க வேண்டும். வீட்டு எண்ணைச் சொன்னேன். அவர் மேசையடியிலிருந்து குடியிருப்பவர்களின் கோப்பை எடுத்து, விரலை வைத்து ஏழாவது மாடி வரைக்கும் வந்து, அந்த எண்ணுக்கு எதிரே இருந்த பெயரைப் பார்த்து, பதிவேட்டின் அடுத்த கட்டத்தில் அதையும் எழுதத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். என் அட்டையை ஒருமுறை பார்த்தார். கோப்பை ஒருமுறை பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பது உலகத்தில் நடக்காத விஷயமா என்று நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்; மீதிப் பெயரையும் பொறுமையாக எழுதி முடித்தார். பிறகு இன்டர்காமை எடுத்துக்கொண்டு, என் பெயர் கொண்ட அந்த மனிதரைப் பற்றி என்னிடமே கேட்டார்:

"டியா அடா டி ருமா?"

அவர் வீட்டில் இருக்கிறாரா?

முறுக்கு டின்னை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"அடா," என்றேன். இருக்கிறார்.

காவலர் கேட்டைத் திறந்துவிட்டார்.